இரண்டு முள்ளில் ஒன்று குட்டை: லபுகம ஓடைக் காடிஸ் பூச்சி ஒன்றின் ஆய்வு

வெள்ளைச் சீலையில் வந்து ஒட்டிய பூச்சிகளில் அதுதான் மிகச் சிறியது. முன்சிறகின் நீளம் 5 மில்லிமீற்றர்கூட வராது. உடம்பு முழுக்கக் கரி பூசினமாதிரிக் கறுப்பு. சிறகைக் கூரைபோல் சாய்த்து மடித்துக்கொண்டு சீலையில் விறுவிறென்று ஓடியது. அந்துப்பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டிருப்பேன். உணர்கொம்பு முன்னோக்கி நீண்டு நின்றதால்தான் குப்பிக்குள் போட்டேன்.

இது பெப்ரவரியில் நடந்தது. இடம், லபுகம நீர்த்தேக்கத்தில் விழும் ஓர் ஓடை. 1880-களிலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் தந்துகொண்டிருக்கும் நீர்த்தேக்கம் அது. சுற்றியிருக்கிற காட்டுக்குள் யாரும் நினைத்தபடி போய்வர முடியாததால் ஓடைகள் இன்னும் தெளிவாக ஓடுகின்றன. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஹங்வெல்ல வரை பஸ், அங்கிருந்து ஓட்டோ. பொழுது சாய்ந்ததும் இரண்டு மரங்களுக்கு இடையில் சீலையைக் கட்டி, கழியூதா விளக்கை மோட்டார் சைக்கிள் பற்றரியில் எரித்தோம். முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்தவைதான் பயன்பட்டன. அதற்குப் பிறகு எங்களைத் தேடி வந்தவை அட்டைகள்.

காடிஸ் பூச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. இவை டிரைக்கோப்டெரா என்ற வருணத்தைச் சேர்ந்தவை. கிரேக்கத்தில் அதற்கு மயிர்ச்சிறகு என்று பொருள். வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் மிக நெருங்கிய உறவு. அவற்றின் சிறகில் செதில், இவற்றின் சிறகில் மயிர். உலகம் முழுவதும் 16,000-க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. குடம்பிப் பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் இலைத்துண்டையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு திரியும் புழு என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம். ஒரு சாதி (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி), மணலைக்கொண்டு நத்தை ஓட்டைப்போலவே சுருள் வீடு கட்டும். 1834-ல் அமெரிக்காவில் ஐசக் லீ என்ற நத்தை ஆய்வாளர் அந்த வீட்டை உண்மையான நத்தை என்று நம்பி, நத்தைச் சாதி ஒன்றிலேயே பெயர் வைத்து வெளியிட்டுவிட்டார். ஆய்கூடத்தில் நான் ஏதாவது பிழைவிட்டால் அவரை நினைத்து ஆறுதல் அடைவதுண்டு.

எங்கள் பூச்சி வீடு கட்டுகிற கூட்டமில்லை. சாதியை அடையாளம் காண ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. தலையில் மூன்று தனிக்கண்கள். தாடை உணரியின் கடைசித் துண்டு நீளமாக, வளையம் வளையமாக வளைந்துகொடுத்தது. காலின் முட்களை எண்ணினால் முன்காலில் ஒன்று, நடுக்காலில் நான்கு, பின்காலில் நான்கு. இவை மூன்றும் சேர்ந்தால் சிமாரா. பெரிய சாதி, பல நூறு இனங்கள் கொண்டது. இதன் குடம்பி வேகமாக ஓடும் தண்ணீரில் கல்லின் அடிப்பக்கத்தில் விரல் உறைபோன்ற பட்டு வலை பின்னி உள்ளே இருக்கும். வலையின் கண் அவ்வளவு நுண்ணியது. தண்ணீரோடு வரும் தூள்தான் அதற்குச் சாப்பாடு. கல்லை வெளியே எடுத்தால் வலை சளிபோல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், வலை என்றே தெரியாது.

சாதிவரை சரி. சிக்கல் இனத்தில்தான் தொடங்குகிறது. சிமாரா இனங்களை வெளித்தோற்றத்தால் பிரிக்க முடியாது. எல்லாமே சின்னது, எல்லாமே கறுப்பு. ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். ஒன்பதாம் வளையம், பத்தாம் வளையத்தின் பக்க மடல்கள், பெண்ணைப் பற்றிப் பிடிக்கும் ஒற்றைத் துண்டான கீழ்ப்பிடிகள், நடுவில் ஆணுறுப்புக் குழாய், அதற்குள் மடிந்து கிடக்கும் சவ்வும் முட்களும். இவை எல்லாம் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும்.

அன்றைக்குச் சீலையில் கிடைத்த சிமாரா ஆண்கள் பதினொன்று.

முதல் ஆணின் வயிற்றைக் கழற்றி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் போட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். தசை கரைந்து, கைற்றின் என்ற கடினப் பொருளாலான தோல் மட்டும் கண்ணாடிபோல் மிஞ்ச வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தொலைபேசி அழைப்பு. திரும்பி வந்து பார்த்தபோது தேவைக்கு அதிகமாக வெந்திருந்தது. சவ்வெல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் வெளுத்துவிட்டது. ஆணுறுப்புக்குள் இரண்டு கறுத்த முட்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. வலது முள் நீளம். இடது முள் அதில் பாதிகூட இல்லை. முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதினேன்: ‘இடது முள் முறிந்தது, என் கவனயீனம்.’

அடுத்த பத்துக்கும் இலத்திக்கமில முறைக்கு மாறினேன். 85 சதவீத இலத்திக்கமிலத்தில் வயிற்றைப் போட்டு 125 பாகையில் இருபது நிமிடம் அளவில் சூடாக்குவது. காரத்தைவிட இது நிதானமானது, சவ்வு தப்பிக்கும். பிறகு இன்சுலின் ஊசியால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீரைப் பீச்சி உள்ளிருக்கும் குப்பையை வெளியேற்ற வேண்டும். காடிஸ் பூச்சியோடு வேலை செய்ய நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது, காரத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். அவசரக்காரருக்கு அது சரிவராது.

பதினொன்றில் எட்டு ஒரே மாதிரி. அந்த எட்டும் என்னவென்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. இலங்கைக் காடிஸ் பூச்சிகளுக்கு அடித்தளம் போட்டவர் பெர்னான் ஷ்மிட். அவர் 1958-ல் இந்தத் தீவின் காடிஸ் பூச்சிகளைப் பற்றி 173 பக்கக் கட்டுரை ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பிறகு 1970-களிலும் 1980-களிலும் ஒஸ்திரியரான ஹான்ஸ் மாலிக்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஜெர்மனில் எழுதினார்கள். எனக்கு இரண்டு மொழியும் வராது. ஆனால் ஷ்மிட்டின் கோட்டுப் படங்களுக்கு மொழி தேவையில்லை. எட்டு ஆண்களும் அவர் வரைந்த படம் ஒன்றோடு அச்சொட்டாகப் பொருந்தின. அந்த இனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் பூச்சி எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பது கட்டுரை அச்சாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

மீதி மூன்றும்தான் தொல்லை தந்தன.

அவற்றையும் வரைந்தேன். நுணுக்குக்காட்டியில் வரைகுழாயைப் பொருத்தினால், வலது கண்ணில் மாதிரியும் அதன்மேல் என் பென்சில் நுனியும் ஒன்றாகத் தெரியும். கோட்டின்மேல் கோடாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். புகைப்படம் ஒரு தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும். வரையும்போது ஒவ்வொரு விளிம்பும் எங்கே தொடங்கி எதற்குக் கீழே மறைகிறது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். தெரியாத இடத்தில் கை தானாக நின்றுவிடும்.

மூன்று கிழமை கழித்து, தெரிந்த இனத்திலிருந்து இந்த மூன்றும் வேறுபடும் அம்சங்கள் என்று ஒரு பட்டியலோடு மேற்பார்வையாளரிடம் போனேன். முதலாவது, சிறகு இன்னும் கறுப்பு. இரண்டாவது, பக்கத்திலிருந்து பார்த்தால் கீழ்ப்பிடியின் மேல் மூலை கூராக எழும்பி நிற்கிறது. மூன்றாவது, ஆணுறுப்பின் முட்கள் குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஷ்மிட்டின் படத்தில் அவை உள்ளே கிடக்கின்றன. புதிய இனம் என்பதில் எனக்கு ஐமிச்சமே இல்லை. பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

சேர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“புதுசு இல்லை எண்டு முதல்ல நிறுவிப் பாரும். அது சரிவராட்டி மட்டும் புதுசு எண்டு சொல்லலாம்.”

அவர் சொன்னபடி நானே என் பட்டியலை உடைக்க உட்கார்ந்தேன்.

நிறம் ஐந்து நிமிடத்தில் விழுந்தது. எட்டில் பலவற்றை அன்றிரவே 80 சதவீத எதனோலில் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். மூன்றில் இரண்டு இருட்டுப் பெட்டிக்குள் இருந்தன. எதனோலும் வெளிச்சமும் சேர்ந்தால் நிறம் போகும். வித்தியாசம் பூச்சியில் இல்லை, ஜன்னலில்.

கீழ்ப்பிடியின் கூர்மூலை இரண்டு நாள் எடுத்தது. வயிற்று நுனியைக் கிளிசரீனில் பக்கவாட்டில் படுக்க வைத்து வரைகிறோம். அது கொஞ்சம் உருண்டிருந்தால், தட்டையான மூலைகூடக் கூராகத் தெரியும். சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: இடப்பக்கப் பிடியும் வலப்பக்கப் பிடியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நான் வரைந்த மூன்றில் இரண்டில் அப்படித் தெரியவில்லை. பஞ்சு நாரை முட்டுக்கொடுத்து மாதிரியைத் திருப்பி வைத்து மறுபடி வரைந்தேன். கூர்மூலை மழுங்கிவிட்டது. எட்டில் இருந்த மூலையும் இதுவும் ஒன்றுதான்.

முள் வெளியே நிற்பதும் அதே கதை. ஆணுறுப்பின் உட்சவ்வு, சொக்ஸைப் புரட்டுவதுபோல வெளியே புரளக்கூடியது. உள்ளே மடிந்திருந்தால் முட்கள் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். புரண்டால் வெளியே விரியும். பூச்சி எந்த நிலையில் செத்தது என்பதைத்தான் அந்த வித்தியாசம் சொல்கிறது. எட்டில் ஒன்றிலும் சவ்வு பாதி புரண்டிருந்ததை நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். எதிர்பார்ப்பு கண்ணை மறைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பட்டியல் காலி. எட்டும் மூன்றும் சேர்ந்து பதினொன்றும் ஒரே இனம் என்று எழுதி மூடிவிடத் தயாரானேன். கடைசியாகப் படங்களை மேசையில் பரப்பிவைத்துச் சேரிடம் காட்டியபோது அவர் விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

“இந்த முள் ஏன் குட்டை?”

“அது முறிஞ்சது சேர். நான்தான் முறிச்சனான்.”

“மூண்டிலயுமோ?”

நான் பதில் சொல்லவில்லை. முதலாவதில் முறித்தேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் அதே இடத்தில் குட்டையாக இருந்தபோது, கழுவுகையில் மறுபடி முறித்துவிட்டேன் போலும் என்று நினைத்தேன். மூன்றாவதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

“முறிஞ்ச முனையைப் பாத்தீரோ?”

பார்க்கவில்லை. அன்று பின்னேரமே பார்த்தேன். 400 மடங்கு பெரிதாக்கத்தில் அந்தக் குட்டை முள் மெல்ல மெல்ல ஒடுங்கி ஊசிபோல் முடிந்தது. முறிந்த முள்ளின் முனை மொட்டையாக, கரடுமுரடாக இருக்கும். உள்ளீட்டின் குழிகூடத் தெரியும். இது இயல்பான முனை. மூன்றிலும் இடப்பக்கம்தான் குட்டை. என் கைப்பிழையானால் ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று வந்திருக்க வேண்டும்.

தெரிந்த இனத்தின் எட்டு ஆண்களிலும் இரண்டு முட்களும் ஒரே நீளம். ஷ்மிட்டின் படத்திலும் அப்படியே.

நான் வித்தியாசம் என்று தூக்கிக்கொண்டு போனவை மூன்றும் பொய். உண்மையான வித்தியாசத்தை என் தவறு என்று நானே எழுதிவைத்து மூன்று கிழமை கடந்து போயிருக்கிறேன். அந்தக் குறிப்பு வரியை அழிக்கவில்லை. பக்கத்தில் திகதி போட்டு ‘முறியவில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

அதற்காக மூன்று மாதிரியோடு பெயர் வைக்கக் கிளம்பிவிட முடியாது. ஓர் இனத்துக்குள்ளேயே ஆணுக்கு ஆண் முள்ளின் நீளம் மாறுவதுண்டு. ஒரே ஓடையில், ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று விசித்திரங்களாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க வேண்டுமானால் இன்னொரு முறை போக வேண்டும், முடிந்தால் வேறோர் ஓடைக்கும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை, கொழும்பு இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த நேரம், தென்மேல் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகப் போனோம். முதல் ஓடையில் இரண்டு, மலை முகட்டுக்கு அடுத்த பக்க ஓடையில் இரண்டு என்று குட்டை முள் ஆண்கள் நான்கு கிடைத்தன. நான்கிலும் இடது முள் குட்டை. தெரிந்த இனம் இரண்டு ஓடையிலும் அதே சீலைக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில், முள் முக்கால் நீளம் என்று சொல்லத்தக்க ஓர் ஆண்கூட இல்லை. ஒரே இரவில், ஒரே சீலையில் இரண்டு வடிவங்கள் வந்து நடுவடிவம் வராமல் இருந்ததுதான் எனக்கு மிகப் பலமான சான்றாகப் படுகிறது. அவை ஒரே இனமானால் கலந்திருக்கும்.

இந்தச் சுற்றில் இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது: பத்தாம் வளையத்தின் பக்க மடலில் அடிப்புறமாக ஒரு சின்னப் பல். ஏழு ஆணிலும் இருந்தது. முன்பு ஏன் காணவில்லை? வயிற்று நுனி உருண்டு கிடந்ததால் கீழ்ப்பிடி அதை மறைத்திருந்தது. சரியாகப் படுக்க வைத்தபோது ஒரு பொய் வித்தியாசம் போய், ஓர் உண்மை வித்தியாசம் வந்தது.

இங்கே ஒரு விபத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் சுற்றில், இரண்டு வயிறுகளை இரண்டு கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கிண்ணத்தில் சீட்டு இல்லை. திரும்பி வந்தபோது யாரோ மேசையைத் துடைத்து, இரண்டையும் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். எந்த வயிறு எந்த உடம்புக்கு உரியது? வயிறு வெட்டிய இடத்தின் கிழிசலை உடம்பின் கிழிசலோடு பொருத்திப் பார்த்துத்தான் மீட்டேன். அதற்குப் பிறகு வயிற்றோடு ஒரு சீட்டும் சேர்ந்தே குளிக்கிறது.

பிறகு வந்தது விலங்குப் பெயரிடல் விதிக்கோவையின் வேலை. இப்போது நடப்பில் இருப்பது 1999-ல் வெளியான நான்காம் பதிப்பு. அதன்படி ஒரு புதிய இனப்பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், மற்ற இனங்களிலிருந்து அதைப் பிரிக்கும் அம்சங்களைச் சொற்களில் எழுதியாக வேண்டும். படம் மட்டும் போதாது. பெயர் தாங்கும் மாதிரி எது, எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை மாதிரியை ஹோலோடைப், அதாவது மூலமாதிரி என்பார்கள். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் கட்டுரையைவிட அந்தப் பூச்சியின் சொல்லுக்குத்தான் மதிப்பு. எங்கள் கணிப்பில் அது இரண்டாம் சுற்றில் முதல் ஓடையில் கிடைத்த ஆண். சிறகு சேதமில்லை, சவ்வு முழுதாகப் புரண்டு இரண்டு முட்களும் வெளியே தெரிகின்றன. மற்றவை பராடைப்புகள், அதாவது துணை மாதிரிகள். வெந்து வெளுத்த முதல் மாதிரியும் அந்தப் பட்டியலில் உண்டு, நிலைமையைக் குறிப்பிட்டு. அதை ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூலமாதிரியைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் வைப்பதற்கு எழுதியிருக்கிறோம். 1877-ல் திறந்த கட்டடம். தீவின் பழைய இனங்கள் பலவற்றின் மூலமாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில்தான் கிடக்கின்றன. ஒரு முள்ளை ஒப்பிட இங்கிருந்து மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இனி ஒரு மாணவர் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்திலாவது இது இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் சண்டை நடந்தது. எந்த மொழிச் சொல்லும் இனப்பெயராகலாம். ஆனால் இலத்தீன் எழுத்து இருபத்தாறுக்குள் அடங்க வேண்டும், மேற்குறி கீழ்க்குறி எதுவும் கூடாது. பெயரடையாக வைத்தால் சாதியின் பாலுக்கு ஏற்ப முடிவு மாறும், சிமாரா பெண்பால். பெயர்ச்சொல்லாக வைத்தால் முடிவு மாறாது. நான் முதலில் யோசித்து வைத்திருந்த தமிழ்ச் சொல்லில் ழகரம் இருந்தது. அதை இலத்தீனில் எழுதினால் ஒன்று லகரமாகும், அல்லது உலகத்தில் யாருமே சரியாக உச்சரிக்காத எழுத்துக்கூட்டமாகும். கைவிட்டேன். இப்போதைய பெயர் இரண்டு சீர்ச் சொல், ழகரம் கிடையாது. அச்சில் வரும்வரை அதை வெளியே சொல்லப் போவதில்லை. விவரிப்பு இல்லாமல் பெயர் மட்டும் முன்னாலே உலாவத் தொடங்கினால் பிறகு வீண் குழப்பம்.

விவரிப்பு இரண்டு பக்கம். அதில் வேறுபடுத்தும் வாக்கியம் நான்கு வரி: இடது முள் வலது முள்ளில் பாதியிலும் குறைவு, பத்தாம் வளைய மடலின் அடியில் பல். மீதியெல்லாம் அளவுகளும் வழக்கமான அம்சங்களும். மரபணு வரிசைக்காக ஏழில் நான்கின் வலது நடுக்காலைக் கழற்றி 95 சதவீத எதனோலில் தனியாக வைத்திருக்கிறேன். பணம் கிடைக்கும்போது அனுப்பலாம். விவரிப்பு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மிச்சம் இருப்பது பெண்கள். இரண்டு சுற்றிலும் சேர்த்துப் பத்தொன்பது பெண் சிமாராக்கள் சீலைக்கு வந்தன. இரண்டு இனமும் ஒரே சீலைக்கு வந்ததால், எது எதன் பெண் என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கூட்டுப்புழுவைத் தேட வேண்டும். முதிர்ந்த கூட்டுப்புழுவின் தோலுக்குள்ளே முட்கள் உட்பட ஆணின் உறுப்பு முழுதாகத் தெரியும். அது கழற்றிப்போட்ட குடம்பித் தோலும் அதே கூட்டுக்குள் கிடக்கும். ஒரே கூட்டில் ஆணும் குடம்பியும் பொருந்திவிடும். பெண்ணையும் அந்தக் குடம்பித் தோலை வைத்தே அடையாளம் காணலாம், இரண்டு இனத்தின் குடம்பிகளும் வித்தியாசப்பட்டால். கல்லைப் புரட்டித் தேட ஓடையில் தண்ணீர் குறைய வேண்டும். இப்போது மழை. குப்பிகள் பத்தொன்பதும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சீட்டோடு: ‘சிமாரா, பெண், இனம் தெரியாது.’